கூட்டத்தில் குழந்தை தொலையாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெரினா, திருவிழா, தி.நகர், ரயில் நிலையம், கிரிவலம் என்று நம் ஊரில் கூட்டம் கூடும் இடங்களை மனதில் வைத்து எழுதியது. குழந்தை இப்போதே காணாமல் போயிருந்தால் இடையில் உள்ளதை எல்லாம் விட்டுவிட்டு நேராக "குழந்தையைக் காணவில்லை, முதலில் என்ன செய்வது?" என்ற கேள்விக்குப் போங்கள். அவசர எண்கள் 100 அல்லது 112, குழந்தைகளுக்கு 1098, ரயிலில் 139.

இவ்வளவு பேர் கூடவே இருக்கிறோம், அப்புறம் எப்படித் தொலைகிறது?

இவ்வளவு பேர் இருப்பதால்தான். ஒரு அம்மா தனியாக ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால் பிடித்த கையை விடமாட்டார், ஏனென்றால் விட்டால் பார்க்க வேறு ஆள் கிடையாது என்று அவருக்குத் தெரியும். அதே அம்மா மாமியார், நாத்தனார், சித்தப்பா குடும்பம் என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடு குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது, பையன் தாத்தாவோடு இருக்கிறான் என்று அவர் நினைப்பார், தாத்தா சித்தியோடு இருக்கிறான் என்று நினைப்பார், சித்தி அம்மாவிடம் போய்விட்டான் என்று நினைப்பார். எல்லோரும் வேனில் ஏறின பிறகுதான் "உன்கூடத்தானே இருந்தான்?" என்ற கேள்வி வரும். குழந்தை தொலைந்த வீடுகளில் முதலில் காதில் விழும் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்.

கை மாறுகிற இடங்களைக் கவனித்துப் பாருங்கள்: செருப்பு விடும் இடம், பில் போடும் இடம், கழிவறை வாசல், போன் அடிக்கும் நேரம், எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுக்கும் நேரம். அந்த அரை நிமிடத்தில்தான் நழுவும்.

அப்போது யார்தான் பார்த்துக்கொள்வது?

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பெரியவர், பெயர் சொல்லி. "அண்ணி, நான் தேங்காய் வாங்கப் போறேன், பையன் இப்ப உங்ககிட்ட" என்று சொல்லவேண்டும், அண்ணி "சரி, என்கிட்ட" என்று பதில் சொல்லவேண்டும். பதில் வராமல் நகரக்கூடாது. முதல் இரண்டு தடவை வீட்டில் கிண்டல் செய்வார்கள், பரவாயில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று, பத்து வயது அக்காவிடம் "தம்பியைப் பார்த்துக்கோ" என்று சொல்வது ஒப்படைப்பு ஆகாது. அவளும் ராட்டினத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பி தொலைந்தால் பழி மட்டும் அவள் தலையில் விழும்.

எந்த வயதில் அதிகம் கவனிக்கவேண்டும்?

நன்றாக ஓடத் தெரிந்து, தன்னைப் பற்றிச் சரியாகச் சொல்லத் தெரியாத வயதில். இரண்டிலிருந்து ஐந்து வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் என்ன செய்யவேண்டும்?

வாசலில் நிற்க வைத்துத் தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள், தினமும் எடுக்கிற சிரித்த முகப் படம் போதாது. பதற்றத்தில் பெற்ற அம்மாவுக்கே பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்று மறந்துபோகும், காலில் செருப்பா ஷூவா என்று கேட்டால் சுத்தமாகத் தெரியாது. போட்டோவை உடனே கூட வருகிற எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், அங்கே போய் அனுப்ப நெட் கிடைக்காது.

கோயிலில் மொட்டை போடுகிறீர்கள் என்றால் போட்டு முடித்ததும் இன்னொரு போட்டோ கட்டாயம். பழனியிலோ திருச்செந்தூரிலோ முடிக்கொட்டகையை விட்டு வெளியே வந்தால் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள் எத்தனை பேர் என்று பாருங்கள். காலையில் எடுத்த சுருட்டை முடிப் படத்தைக் காட்டி "இந்தப் பையனைப் பார்த்தீங்களா" என்று கேட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது. சந்தனம் பூசிய பிறகு எடுங்கள், ஏனென்றால் அவர்கள் பார்க்கப்போவது அந்தத் தலையைத்தான்.

உடையிலும் அதே சிக்கல் உண்டு. சபரிமலைக்குப் போனால் சுற்றிலும் கறுப்பு, மேல்மருவத்தூர் போனால் சுற்றிலும் சிவப்பு. விரத உடையை மாற்றச் சொல்லவில்லை, மேலே ஒரு பளிச்சென்ற தொப்பியோ, கழுத்தில் ஒரு ஆரஞ்சுத் துண்டோ போட்டுவிடுங்கள், கூட்டத்தில் கண் அதைத் தேடிப் போகும்.

தங்கச் செயின், வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பாட்டி கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். தனியாக நிற்கும் குழந்தையின் கழுத்தில் அரைப் பவுன் கிடந்தால், அதற்கு உதவ வருகிறவர்களைவிட வேறு மாதிரி ஆட்கள் முதலில் வருவார்கள்.

போன் நம்பரை எங்கே எழுதுவது?

முன்கையின் உட்பக்கத்தில், பர்மனென்ட் மார்க்கரால். பால்பாயின்ட் பேனா வியர்வையில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. மார்க்கரில் எழுதி, காய்ந்ததும் மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு தடவை தடவினால் கடல் தண்ணீரிலும் சீக்கிரம் போகாது. கோனில் மருதாணி வைத்து எழுதுகிறவர்களும் உண்டு, அது ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும், பள்ளிக்கூடத்தில் டீச்சர் விசாரிப்பார், அவ்வளவுதான்.

யாருடைய நம்பர் என்பதைத்தான் நிறையப் பேர் யோசிப்பதில்லை. லட்சம் பேர் கூடும் இடத்தில் டவர் திணறும், உங்கள் போனுக்கு மணி அடிக்காது, அடித்தாலும் கைப்பைக்குள் கிடப்பது சத்தத்தில் கேட்காது. அதனால் இரண்டு நம்பர் எழுதுங்கள். ஒன்று உங்களுடையது. இன்னொன்று கூட்டத்துக்கே வராமல் வீட்டில் இருக்கும் ஒருவருடையது, பெரியப்பாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, அன்றைக்குத் தெரியாத நம்பரிலிருந்து வந்தாலும் எடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட ஆள். குழந்தை கிடைத்த செய்தி அவரிடம் போய்ச் சேர்ந்துவிடும், நீங்களும் அவருக்குத்தான் கூப்பிட்டுப் பார்ப்பீர்கள்.

பள்ளி ஐடி கார்டை மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அதில் இருப்பது எல்.கே.ஜி. சேர்க்கும்போது கொடுத்த நம்பர், அப்பா அதற்குள் சிம்மை மாற்றியிருப்பார். தாயத்துக்குள்ளும் அரைஞாண் கயிற்றிலும் சீட்டு கட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தொலைந்த குழந்தையின் இடுப்பை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது, சாமானியமாகப் பார்க்கிற இடத்தில் இருக்கவேண்டும்.

பெயரையும் எழுதலாமா?

வெளியே தெரிகிற மாதிரி வேண்டாம். பெயர் தெரிந்து கூப்பிடுகிறவரைக் குழந்தை தெரிந்தவர் என்று நம்பிவிடும். நம்பர் போதும். பெயரும் ஊரும் எழுதிய சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பின் குத்திவிடலாம்.

போலீஸ் கையில் கட்டிவிடும் பட்டையை வாங்கிக்கொள்ளலாமா?

கட்டாயம். காணும் பொங்கல் அன்று மெரினாவில் சென்னை போலீஸ் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோர் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். திருவண்ணாமலை தீபத்துக்கும் கட்டுகிறார்கள், சபரிமலை போகிறவர்களுக்குப் பம்பையில் கேரள போலீஸ் கட்டுகிறார்கள். காசு கிடையாது. வரிசை நீளமாக இருக்கிறது என்று தாண்டிப் போகாதீர்கள், எழுதியதும் நம்பரை ஒரு தடவை சத்தமாகப் படித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எண் மாறினால் பட்டை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஜி.பி.எஸ். வாட்ச், ஏர்டேக் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதை நம்பிக் கையை விடமுடியாது. ஜி.பி.எஸ். வாட்ச் என்பது சிம் போட்ட சின்னப் போன்தான், டவர் திணறினால் அதுவும் திணறும், நாலு மாடிக் கடைக்குள் போனால் எந்த மாடி என்று சொல்லாது. ஏர்டேக் தானாக எங்கேயும் செய்தி அனுப்புவதில்லை, பக்கத்தில் யாரிடமாவது ஆப்பிள் போன் இருந்தால் அதன் வழியாகத்தான் தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும். தி.நகரில் வேலை செய்யும், கிராமத்துத் திருவிழாவில் சந்தேகம். அது பொருளைத் தேட வந்த சாமான், ஆப்பிளும் அப்படித்தான் விற்கிறது.

இடுப்பில் கயிறு கட்டிக் கூட்டிப்போவது அசிங்கமாக இருக்காதா?

பார்க்கிறவர்கள் ஏதாவது சொல்வார்கள்தான். இரட்டைக் குழந்தைகளோடு தனியாக ரயிலேறும் அம்மாவுக்கு அது பெரிய உதவி. மணிக்கட்டோடு மணிக்கட்டு இணைக்கும் ஸ்ப்ரிங் பட்டை கடைகளில் கிடைக்கிறது. கழுத்தில் மட்டும் எதையும் கட்டாதீர்கள். எஸ்கலேட்டரில் ஏறும்போது கயிறு இருந்தாலும் தூக்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு என்னென்ன சொல்லித் தரவேண்டும்?

முதலில் பெயர்கள். கோயில் திருவிழாவில் மைக் வைத்திருக்கும் அறிவிப்புக் கொட்டகை பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் புரியும். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று மேசை மேல் உட்கார்ந்திருக்கும், கையில் யாரோ கொடுத்த பிஸ்கட் பாக்கெட். உன் பேர் என்னம்மா என்று கேட்டால் "அம்மு". அப்பா பேர்? "அப்பா". வீடு எங்கே? "மாடி வீடு". மைக்கில் இருப்பவரும் என்ன செய்வார், "ரோஸ் கலர் கவுன் போட்ட அம்மு என்கிற குழந்தை" என்றுதான் சொல்லுவார். அந்தத் திடலில் எத்தனை அம்மு இருக்கும்.

வீட்டில் குட்டி, பப்பு, தங்கம் என்று என்ன வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், ஆனால் "உன் முழுப்பேர் என்ன, அம்மா பேர் என்ன, அப்பா பேர் என்ன, எந்த ஊர்" என்ற நாலு கேள்விக்கும் பதில் வரவேண்டும். கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்லாத வீடுகளில் குழந்தைக்கு அப்பா பெயர் காதில் விழுவதே அபூர்வம், அதனால் இதைத் தனியாகச் சொல்லித்தான் தரவேண்டும்.

அப்புறம், தொலைந்தால் "அம்மா" என்று மட்டும் கத்தாமல் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தச் சொல்லுங்கள். "அம்மா" என்ற குரலுக்கு அங்கே எல்லா அம்மாவும் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் பிள்ளை இல்லை என்று தன் வேலையைப் பார்ப்பார்கள். ஒரு நாலு வயதுக் குழந்தை "செல்வராணி! செல்வராணி!" என்று கத்தினால் மொத்தக் கூட்டமும் நின்று பார்க்கும்.

போன் நம்பரை நாலு வயதிலேயே மனப்பாடம் செய்ய வைக்கலாம். உட்கார வைத்துப் பாடம் நடத்தினால் வராது. மொபைலில் கார்ட்டூன் பார்க்கவேண்டும் என்றால் அம்மா நம்பரின் பத்து எண்ணையும் சொன்னால்தான் திறந்து தருவேன் என்று வையுங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும். 1098-ம் அப்படித்தான், பத்து, ஒன்பது, எட்டு என்று தலைகீழாக எண்ணினாலே நம்பர்.

கடைசியாக, அங்கேயே நிற்பது. அம்மாவைக் காணோம் என்று தெரிந்த உடனே நின்றுவிடவேண்டும், தேடிக்கொண்டு நடக்கக்கூடாது. "நான் உன்னைத் தேடி வருவேன், நீ என்னைத் தேடாதே" என்று இந்த வாக்கியத்தையே சொல்லிக்கொடுங்கள். இரண்டு பேரும் நடந்தால் ஒரே தெருவில் ஒரு மணி நேரம் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்க்கொண்டிருக்கலாம். மளிகைக் கடையில், பார்க்கில் என்று சின்ன இடங்களில் விளையாட்டாகப் பழக்குங்கள், நீங்கள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், பயமுறுத்தும் அளவுக்குப் போகவேண்டாம்.

"தெரியாதவர்களிடம் பேசாதே" என்று சொல்லி வளர்த்திருக்கிறோமே?

தொலைந்த இடத்தில் எல்லோருமே தெரியாதவர்கள்தான். யாரிடமும் பேசக்கூடாது என்றால் அது ஒரு மூலையில் போய் ஒளிந்துகொள்ளும், பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு தேடி வரும் போலீஸ்காரரிடம்கூடப் பதில் சொல்லாது. யாரிடம் பேசலாம் என்று சொல்லுங்கள்: குழந்தையோடு இருக்கும் ஒரு அம்மா, கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், காக்கி போட்ட போலீஸ், பஸ் என்றால் கண்டக்டர். பேசலாம், ஆனால் அவர்களோடு வேறு இடத்துக்குப் போகக்கூடாது, வண்டியில் ஏறக்கூடாது. "அம்மா அங்கே இருக்காங்க, வா" என்று யார் கூப்பிட்டாலும் வீட்டு ரகசிய வார்த்தை என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த வார்த்தை பூனைக்குட்டி, பணியாரம் எதுவாக இருந்தாலும் சரி.

சாப்பிட அடம் பிடித்தால் "போலீஸ்காரர்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று மிரட்டுகிறீர்களா? இன்றோடு நிறுத்துங்கள். கூட்டத்தில் அந்தக் குழந்தைக்கு உதவப்போகிறவரே அந்தப் போலீஸ்காரர்தான், அவரைப் பார்த்ததும் அது ஓடி ஒளிந்தால் தப்பு குழந்தையுடையது இல்லை. பிள்ளை பிடிக்கிறவன் கதையும் அதே கணக்கில்தான் வரும்.

மெரினாவுக்குப் போகும்போது தனியாக ஏதாவது கவனிக்கவேண்டுமா?

மெரினாவின் தொல்லை என்னவென்றால் எங்கே நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். சுண்டல் வண்டி, பஜ்ஜிக் கடை, பலூன் சுடும் பலகை, குதிரை, மறுபடி சுண்டல் வண்டி. "அந்த பஜ்ஜிக் கடை பக்கம்தான் உட்கார்ந்திருந்தோம்" என்று பெரியவர்களே தப்பான இடத்தில் போய் நிற்பார்கள். அதனால் மணலில் இறங்குவதற்கு முன்னால் சாலைப் பக்கம் ஒரு சிலையைக் காட்டி, தொலைந்தால் இங்கே வா என்று பெரிய பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: உழைப்பாளர் சிலை, காந்தி சிலை, கண்ணகி சிலை, அல்லது கலங்கரை விளக்கம். இது எட்டு, ஒன்பது வயதுக்கு மேல். அதைவிடச் சின்னது என்றால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும், சாலைப் பக்கம் வரச்சொல்லாதீர்கள்.

குழந்தையைக் காணோம் என்றால் முதலில் ஓடவேண்டியது தண்ணீர்ப் பக்கம். ராட்டினத்துப் பக்கம் இருந்தால் பத்து நிமிடம் கழித்தும் அங்கேதான் இருக்கும், கடல் அப்படி விடாது. காணும் பொங்கலுக்குப் போலீஸ் கடலோரம் தடுப்பு கட்டிக் குளிக்கவிடாமல் தடுப்பதும் அதனால்தான், அந்தத் தடுப்புக்குள் நுழைந்து "காலை மட்டும் நனைச்சுட்டு வர்றோம்" என்று கெஞ்சுகிறவர்களில் கைக்குழந்தையோடு நிற்பவர்களும் உண்டு.

தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவுக்குக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். அளவு சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஜவுளி வாங்குங்கள். வீட்டில் விட ஆள் இல்லை, கூட்டித்தான் போகவேண்டும் என்றால் வார நாளில், காலையில் கடை திறக்கும்போதே போய்விட்டு, மாம்பலம் ரயில்களில் கூட்டம் வந்து இறங்குவதற்குள் திரும்பிவிடுங்கள். கடைக்குள் துணி பார்க்கும்போது ஒருவர் துணி பார்க்கவேண்டும், ஒருவர் குழந்தையைப் பார்க்கவேண்டும். இரண்டு பேரும் பட்டுப்புடவையைப் பார்த்தால் குழந்தை லிஃப்டைப் பார்த்துக்கொண்டு போயிருக்கும்.

லிஃப்டில் குழந்தை மட்டும் ஏறிக் கதவு மூடிவிட்டால்?

கதவு முதலில் எங்கே திறக்கிறதோ அங்கே இறங்கி லிஃப்ட் பக்கத்திலேயே நிற்கவேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். நீங்கள் ஒவ்வொரு மாடியாகப் போகலாம், ஒருவர் புறப்பட்ட மாடியிலேயே நிற்கட்டும், வாசல் காவலாளியிடமும் சொல்லிவிடுங்கள்.

ரயிலில்?

ஏறும்போது பெரியவர் ஒருவர் முதலில், நடுவில் குழந்தை, கடைசியாக இன்னொரு பெரியவர். தனியாக இருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டு, அப்புறம் பெட்டி. பெட்டிகளை உள்ளே வைத்துவிட்டு இறங்கி வந்து குழந்தையைத் தூக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறைய, சின்ன நிலையங்களில் ரயில் இரண்டு நிமிடம்கூட நிற்காது.

ரயில் கிளம்பிவிட்டது, குழந்தை உள்ளே, நீங்கள் பிளாட்பாரத்தில் என்றால் ஓடி ஏறாதீர்கள், தண்டவாளத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் விழுந்து உயிர் போனவர்கள் உண்டு. 139-க்குக் கூப்பிட்டு ரயில் பெயர், பெட்டி எண், இருக்கை எண், குழந்தையின் அடையாளம் சொல்லுங்கள், பிளாட்பாரத்தில் இருக்கும் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) அல்லது ஸ்டேஷன் மாஸ்டரிடமும் சொல்லுங்கள். அடுத்து நிற்கும் நிலையத்துக்குத் தகவல் போகும், அங்கே இறக்கி வைத்துக்கொள்வார்கள். வழியில் தனியாகத் திரியும் குழந்தைகளை மீட்பதற்கென்றே ஆர்.பி.எஃப். 'நன்ஹே ஃபரிஷ்தே' என்று ஒரு திட்டம் நடத்துகிறது, அவர்களுக்கு இது பழகிய வேலை. குழந்தைக்குச் சொல்லவேண்டியது: "ரயில்ல நீ மட்டும் போயிட்டா குதிக்காதே, உக்காந்த இடத்துலயே இரு, டி.டி.ஆர்கிட்ட சொல்லு." பிளாட்பாரத்தில் அது மட்டும் நின்றுவிட்டால், "அங்கேயே நில்லு, நான் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பி வருவேன்."

கிரிவலம், தேர்த்திருவிழா, அரசியல் கூட்டம்?

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், பெரியவர்களுக்கே மூன்று, நாலு மணி நேரம் ஆகும். சின்னக் குழந்தை பாதியில் தூங்கிவிடும், தூக்குகிறவர்கள் மாறி மாறித் தூக்குவார்கள், அப்போதுதான் முன்னால் போகிறவர்கள், பின்னால் வருகிறவர்கள் என்று குடும்பம் இரண்டாகும். பௌர்ணமியை விட்டுவிட்டுச் சாதாரண நாளில் குழந்தையோடு சுற்றிவாருங்கள், அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். பெரிய கூட்டத்துக்கு வந்தே தீரவேண்டும் என்றால் ஓரமாகவே நடங்கள், நெருக்கம் கூடுகிறது என்று பட்டதும் குழந்தையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு பக்கவாட்டில் வெளியேறுங்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அது இடுப்புயரத்தில் மாட்டிக்கொள்ளும், அந்த உயரத்தில் காற்றே இருக்காது. தலைவர்களைப் பார்க்கும் கூட்டத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போகவே கூடாது என்பது என் கருத்து. 2025 செப்டம்பரில் கரூரில் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு.

குழந்தையைக் காணவில்லை, முதலில் என்ன செய்வது?

கடைசியாகப் பார்த்த இடத்தில் ஒருவரை நிறுத்துங்கள், அவர் அங்கிருந்து நகரவே கூடாது. பல குழந்தைகள் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, யாரும் இல்லை என்று மறுபடி நடந்துவிடுகின்றன. இன்னொருவர் தண்ணீரையும் சாலையையும் பார்க்க ஓடட்டும்: கடல், தெப்பக்குளம், கிணறு, தண்டவாளம், மூடி இல்லாத கால்வாய். அடுத்தவர் வெளியே போகும் வழிகளுக்கு. கடையாக இருந்தால் காவலாளியிடம் சொல்லி வாசலைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

வெட்கப்படாமல் கத்துங்கள். பெயரை மட்டும் கத்தினால் சுற்றி இருப்பவர்களுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது. "மஞ்சள் சட்டை, நீல டிரவுசர், மொட்டைத்தலை, மூணு வயசுப் பையன்" என்று கத்தினால் ஐம்பது ஜோடிக் கண் தேட ஆரம்பிக்கும். பூக்காரம்மா, பலூன்காரர், பார்க்கிங் டோக்கன் கொடுப்பவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போங்கள், அவர்கள் நாள் முழுக்க அங்கேயே நிற்கிறவர்கள்.

இதெல்லாம் நடக்கும்போதே ஒருவர் 100 அல்லது 112-க்குக் கூப்பிடவேண்டும், ஒருவர் அறிவிப்புக் கொட்டகைக்கோ புறக்காவல் நிலையத்துக்கோ போகவேண்டும். "கொஞ்ச நேரம் நாமே தேடிப்பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டால் போலீஸ் திட்டமாட்டார்கள். நிறுத்தி வைத்த காருக்குள்ளும் எட்டிப் பாருங்கள், வண்டிக்கடியிலும் மேடைக்கடியிலும் குனிந்து பாருங்கள், தூங்கிப்போயிருக்கும்.

24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸ் புகார் வாங்குவார்கள் என்கிறார்களே?

அப்படி ஒரு விதி கிடையாது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை உடனே எஃப்.ஐ.ஆராகப் பதிவு செய்யவேண்டும், வேறு விதமாகத் தெரியவரும் வரை கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்திலேயே சொல்லிவிட்டது. "எங்க லிமிட் இல்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்று அனுப்புவதும் செல்லாது. எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

1098-க்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்?

சைல்டுலைன். 1996-ல் மும்பையில் ஆரம்பித்த உதவி எண், நீண்ட காலம் தொண்டு நிறுவனங்கள் நடத்தின, இப்போது அரசே நடத்துகிறது. 24 மணி நேரமும் இலவசம். குழந்தையைத் தொலைத்தவரும் கூப்பிடலாம், கண்டெடுத்தவரும் கூப்பிடலாம், குழந்தையே கூப்பிடலாம். ஆனால் இந்த நிமிடம் குழந்தையைக் காணோம் என்றால் முதல் அழைப்பு போலீசுக்கு, அடுத்தது இதற்கு.

தனியாக நிற்கும் குழந்தையை நான் பார்த்தால்?

அங்கேயே நில்லுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு அம்மாவைத் தேடிப் போகாதீர்கள், தேடி வருகிற அம்மா அந்த இடத்துக்குத்தான் வருவார். குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து பேசுங்கள், பக்கத்தில் இருக்கும் இன்னும் இரண்டு பேரை, முடிந்தால் ஒரு பெண்ணையும், கூட நிற்கச் சொல்லுங்கள். தின்ன எதுவும் கொடுத்துச் சமாதானம் செய்யவேண்டாம், தண்ணீர் போதும். கொஞ்ச நேரம் பார்த்தும் யாரும் வரவில்லை என்றால் 1098 அல்லது 100.

கூட ஆட்களை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு வழி தேடிப் போன ஒரு குடும்பம் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததைப் பார்த்து ஊரே சேர்ந்து அடித்தது, சென்னையிலிருந்து வந்த அந்த வயதான அம்மா செத்தே போனார். அதனால் உதவி செய்யாமல் ஒதுங்கிவிடாதீர்கள், பத்துப் பேர் பார்க்க, போலீசுக்குச் சொல்லிவிட்டு உதவுங்கள்.

"என் குழந்தைதான்" என்று யார் வந்தாலும் உடனே கொடுத்துவிடக்கூடாது. குழந்தையின் பெயரை நீங்கள் முந்திச் சொல்லாமல் அவர்களைச் சொல்ல வையுங்கள், போனில் போட்டோ காட்டச் சொல்லுங்கள், குழந்தை அவர்களைப் பார்த்ததும் என்ன செய்கிறது என்று பாருங்கள். போலீஸ் முன்னால் ஒப்படைப்பதுதான் எல்லோருக்கும் நல்லது.

பரிதாபப்பட்டு வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வது சட்டப்படி தப்பு. 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, தொலைந்த குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் சைல்டுலைனுக்கோ போலீசுக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்கவேண்டும், தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கண்டெடுத்த குழந்தையின் போட்டோவை வாட்ஸ்அப்பில் போடலாமா?

போடாதீர்கள். அதைப் பார்த்து யார் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதே அதே சட்டத்தின் 74-ம் பிரிவில் குற்றம். போலீசிடம் அனுப்புங்கள், எங்கே போடுவது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆட்டிசம் உள்ள பையன், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டான். என்ன செய்வது?

மேலே சொன்ன "நில், கத்து, கேள்" எதுவும் அவனிடம் எதிர்பார்க்க முடியாது, அதனால் அவன் உடம்பில் இருக்கும் தகவல்தான் அவனுக்காகப் பேசவேண்டும். பட்டையில் நம்பரோடு "பேசமாட்டான், தொட்டால் பயப்படுவான்" என்று ஒரு வரி சேருங்கள். காணாமல் போனால் போலீசிடம் முதலிலேயே இதைச் சொல்லுங்கள், அவனை எது இழுக்கும் என்றும் சொல்லுங்கள்: சுற்றும் ஃபேன், ரயில் சத்தம், தண்ணீர். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு உண்டு, தேடலும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட அவனுக்குப் பிடித்த பாட்டைப் போனில் சத்தமாகப் போட்டுக்கொண்டு நடப்பது சில பிள்ளைகளிடம் வேலை செய்யும்.

கிடைத்துவிட்டான். கோபத்தில் ரெண்டு அடி போட்டுவிட்டேன்.

நிறையப் பேர் போடுவார்கள், பயம்தான் அப்படி வெளியே வருகிறது. ஆனால் அவன் பக்கம் இருந்து பார்த்தால், அம்மாவிடம் வந்து சேர்ந்ததற்கு அடி விழுந்திருக்கிறது. அடுத்த தடவை தொலைந்தால் ஒளிந்துகொள்வான். தூக்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் கொடுங்கள். நின்ற இடத்திலேயே நின்றிருந்தாலோ, கடைக்காரரிடம் போய்ச் சொல்லியிருந்தாலோ அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். எப்படிப் போனான் என்ற விசாரணை எல்லாம் மறுநாள். வீட்டில் யார் தப்பு என்ற சண்டையையும் அவன் காதில் விழாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

கிடைத்த பிறகு வேறு ஏதாவது செய்யவேண்டுமா?

ஆமாம், பலர் மறந்துவிடுவது இது. புகார் கொடுத்த காவல் நிலையத்திலும், அறிவிப்புக் கொட்டகையிலும், 1098-லும் கிடைத்துவிட்டான் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். தேடும்போது குடும்ப குரூப்பில் போட்டோவோடு போட்ட செய்தியை "எல்லோருக்கும் நீக்கு" என்று கொடுத்து அழியுங்கள், பகிர்ந்தவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். பிள்ளை காலேஜ் போகும் வயதிலும் "இந்தச் சிறுவனைக் காணவில்லை, அதிகம் பகிரவும்" என்று அவன் மூன்று வயதுப் படமும் உங்கள் போன் நம்பரும் எங்காவது ஒரு குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கும், தெரியாத ஊரிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு யாராவது கூப்பிட்டு "குழந்தை கிடைச்சுதாங்க?" என்று கேட்பார்கள்.